திருவிழாக் கடைப் பரிவட்டம்

தமிழில் 'குல்லாப் போடுதல்' என்றொரு வழக்கு இருக்கிறது. ஒருவரைப் புகழ்ந்து மயக்கிக் காரியம் சாதித்துக்கொள்வதை அவ்வாறு சொல்கிறோம். 'தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான்' என்றால் கைப்பொருளை இழந்து, முகம் காட்ட நாணிப் போனான் என்று பொருள். தலைமேல் வந்து அமரும் எதையும் நம் பேச்சுமொழி சற்று ஐயத்துடனேயே பார்த்து வந்திருக்கிறது. இதற்கு விதிவிலக்காக இருப்பவை இரண்டு. ஒன்று மகுடம், மற்றொன்று கோவிலில் கட்டப்படும் பரிவட்டம். அவ்விரண்டும் எந்தத் தலைக்கு வாய்க்கும் என்பது பெரும்பாலும் அந்தத் தலை பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட காரியம்.

திரைப்படம் பார்த்துவிட்டுத் தொப்பி வாங்கி மாட்டிக்கொள்கிறவனைப் பற்றி இலக்கிய வாசகர்களாகிய நமக்குள் ஓர் இளக்காரம் உண்டு. சினிமா மோகம், போலச்செய்தல், சுயம் இழந்த தலைமுறை என்று அதற்குச் சில ஆயத்தச் சொற்களையும் வைத்திருக்கிறோம். அந்த இளக்காரம் நியாயந்தானா என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணைப்புரத்தை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், கோம்பைக்கும் தேவாரத்திற்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி அது. 1943இல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனுக்கும் தம்பி கங்கை அமரனுக்கும் அதுவே ஊர். அல்லிநகரத்துப் பாரதிராஜாவையும் சேர்த்து எண்ணினால், தமிழ் சினிமாவின் ஒரு காலகட்டம் முழுவதும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே புறப்பட்டுப் போனது போலத் தோன்றும். பண்ணைப்புரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் காதைப் பற்றியே எழுதுகிறார்கள். தெம்மாங்கு, நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். நாம் அதன் தலையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சினிமாவுக்கு இவ்வளவு கொடுத்த ஒரு நிலப்பகுதி அதே சினிமாவிடமிருந்து என்னென்ன திரும்பப் பெற்றுக்கொண்டது என்ற கேள்விக்கு, இசையைத் தவிர்த்த விடைகளும் இருக்கின்றன. தொப்பி அவற்றுள் ஒன்று.

இங்குள்ள தலைகளின் வரலாற்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச்.ஹட்டன், அன்றைய இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த 8 தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில், வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்று வருகிறது. தலைக்கு மேலே ஒரு சாண் நிழல் என்பதுகூட யாரோ ஒருவர் அனுமதித்தால்தான் கிடைக்கும் என்பதே இதன் சாரம். தென்தமிழகத்தின் பல ஊர்களில் எழுதப்படாத விதிகளாகவும் இவை நெடுங்காலம் நீடித்தன. தோளில் கிடந்த துண்டு ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் நுழைகையில் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கியாக வேண்டும். தலையில் கட்டிய முண்டாசு அவிழ்ந்தாக வேண்டும். இந்த மண்ணில் தலையை மூடுவது என்பது வெறும் வெயில் விவகாரமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அதன் மறுமுனையில் பரிவட்டம் இருக்கிறது. திருவிழாவில் தெய்வத்திற்குச் சாத்திய துணியை யார் தலையில் முதலில் கட்டுவது என்பதற்காக ஊர்கள் இரண்டுபட்டிருக்கின்றன. தேர் நிலையைவிட்டு நகராமல் நின்றிருக்கிறது. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஒரு முழம் துணிக்காக இத்தனையா என்று வெளியூர்க்காரர் வியக்கலாம். கட்டப்படுவது துணி அன்று, அந்தஸ்து என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். பாரதிராஜா 1985இல் எடுத்த படத்திற்கு 'முதல் மரியாதை' என்று பெயர் வைத்தபோது, தமிழகத்துக் கிராமங்கள் அந்தச் சொல்லின் முழு எடையோடுதான் அதைக் கேட்டிருக்கும். கோவில் கொடுக்கும் மரியாதையைப் பற்றிய கதையாக இல்லாமல், மனித மனம் மனித மனத்துக்குக் கொடுக்கும் மரியாதையைப் பற்றிய கதையாக அந்தப் படம் அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மூன்றாவதாக ஒரு தலையணியும் தெரியும். அது துரையின் தொப்பி. நெட்டியைச் சீவி ஒட்டி, மேலே துணி போர்த்திய சோலாத் தொப்பி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் அடையாளமாக மலைமேல் உலவியது. மலைத்தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் துயரத்தை, பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வெளியான நாவலில் நாம் படித்திருக்கிறோம். அதைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வந்தது. மலையில் துரைக்குத் தொப்பி, கூலிக்குக் கொங்காணி என்பதே ஏற்பாடு. பழைய சாக்கை ஒரு மூலையில் உள்மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுதான் கொங்காணி. இன்றும் விடிவதற்குள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகள் இப்பள்ளத்தாக்குப் பெண்களை இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்கின்றன. சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் வந்திருக்கிறது. பாவலர் வரதராசன் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாடல்களோடு சுற்றி வந்தது இத்தகைய தலைகளுக்கு நடுவில்தான்.

இதோடு இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கு ஒரே ஒரு வெள்ளைக்காரரைக் கும்பிடுகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர் பிறந்தநாளான ஜனவரி 15இல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பரவலாகக் காணக்கிடைக்கும் அந்தப் படத்தில், அடர்ந்த மீசையோடு இருக்கும் அவருடைய தலையில் தொப்பி இல்லை. தண்ணீர் கொடுத்தவரைத் தொப்பி கழற்றிய கோலத்தில் ஏற்றுக்கொண்ட ஊர்கள், தொப்பியைத் தங்கள் நடிகர்களின் தலைக்கு மாற்றிவிட்டன என்று சொல்லலாம்.

சரி, திரைப்படத் தொப்பிகளிலேயே உலகப் புகழ் பெற்றதான ஃபெடோராவுக்கு வருவோம். விலங்கு மயிரை அழுத்திச் செய்த மென்மையான ஃபெல்ட் தொப்பி அது. உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, முன்புறம் இரு விரலால் கிள்ளியது போன்ற குழிவு, சுற்றிலும் ஒரு நாடா, வளைத்துவிடக்கூடிய விளிம்பு. 'காசாபிளாங்கா' (1942) படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் அணிந்தது அது. 1981இல் ஹாரிசன் ஃபோர்டு இண்டியானா ஜோன்ஸாக வந்தபோது அணிந்ததும் அதுவே. ஆண்மையின் சின்னம், செவ்வியல் தொப்பி என்றெல்லாம் அதைக் கொண்டாடுகிறவர்கள், இத்தாலியில் 1857இல் தொடங்கிய போர்சாலினோ நிறுவனத்தின் தொப்பிகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, அலன் டெலோனும் ழான் போல் பெல்மோண்டோவும் தாதாக்களாக நடித்த பிரெஞ்சுப் படம் 1970இல் வந்தது. தொப்பியைப் பார்த்துப் படமா, படத்தைப் பார்த்துத் தொப்பியா என்று பிரித்தறிய முடியாத நிலை.

இவர்கள் வசதியாக மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. ஃபெடோரா என்பது ஒரு பெண்ணின் பெயர். விக்டோரியன் சார்டூ எழுதி 1882இல் பாரிஸில் அரங்கேறிய நாடகத்தின் பெயரும் அதன் நாயகியான ருஷ்ய இளவரசியின் பெயரும் 'ஃபெடோரா'. அந்தப் பாத்திரத்தை ஏற்ற சாரா பெர்னார் என்ற பெரும் நடிகை மென்விளிம்புத் தொப்பி ஒன்றை அணிந்து மேடையேற, அதைப் பார்த்த பெண்கள் அதுபோன்ற தொப்பியை வாங்கத் தொடங்கினார்கள். ஆண்கள் அதை எடுத்துக்கொண்டது பிறகுதான். ஆக, உலகிலேயே மிகச் 'செவ்வியல்' எனப்படும் ஆண் தொப்பி, ஒரு நடிகையைப் பார்த்து ரசிகைகள் போலச்செய்ததில் பிறந்தது. மூலம் என்றும் போலி என்றும் நாம் கறாராகப் பிரிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திருவிழாக் கடையில் தொப்பி வாங்கும் பண்ணைப்புரத்து இளைஞன் செய்வது, 140 ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் சீமாட்டிகள் செய்ததைத்தான்.

தமிழ்த் திரையில் தொப்பி வந்து சேர்ந்த விதம் தனிக்கதை. 1960களில் 'தென்னக ஜேம்ஸ் பாண்ட்' என்று பெயர் வாங்கிய ஜெய்சங்கர், துப்பறியும் கதாநாயகனுக்குரிய சாமான்களைத் தமிழனுக்குப் பழக்கப்படுத்தினார். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகியவை 1972இல் வந்தபோது அகன்ற விளிம்புள்ள கௌபாய்த் தொப்பி நம் புழுதிக்காடுகளில் குதிரையேறியது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது அமெரிக்காவா ஆந்திராவா என்ற கவலை இருந்திருக்காது. துரையின் தலையில் மட்டும் இருக்கக்கூடியது என்று நினைத்த ஒன்று தம்மைப் போன்ற நிறமுள்ளவனின் தலையில் இருக்கிறது, யாரும் அவனை அதைக் கழற்றச் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட காட்சி. சிம்புதேவன் 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தில் அந்தத் தொப்பிகளைக் கேலியும் கனிவுமாக நினைவுகூர்ந்தார். கேலி செய்யும் அளவுக்கு அவை நம்முடையவையாகிவிட்டிருந்தன.

பிறகு எம்.ஜி.ஆர். 'அடிமைப் பெண்' (1969) படப்பிடிப்புக்கு ஜெய்ப்பூர் போனபோது வெயிலுக்காக அணிந்ததே அவருடைய வெண்ணிற மென்மயிர்த் தொப்பியின் தொடக்கம் என்று பரவலாகச் சொல்வார்கள். கட்சி தொடங்கிய 1972க்குப் பின்னும் முதலமைச்சரான 1977க்குப் பின்னும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாத எம்.ஜி.ஆரை மக்கள் பார்ப்பது அரிதாயிற்று. 1984 டிசம்பர் தேர்தலில் அவர் நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே வென்ற தொகுதி, இதே தேனிப் பக்கத்து ஆண்டிபட்டி. பிரச்சாரத்துக்கு அவர் வரவில்லை. அவருடைய உருவம் வந்தது. அந்த உருவத்தில் பாதி தொப்பி. 1987 டிசம்பரில் மெரினாவில் அவரை அடக்கம் செய்தபோதும் தொப்பியும் கண்ணாடியும் உடன் சென்றன.

இந்த இடத்தில் தேனிக்காரர்கள் செய்த வேலை சுவாரசியமானது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜாவும், 1977இல் '16 வயதினிலே'யோடு பாரதிராஜாவும் வந்தார்கள். கதாநாயகனின் தலையிலிருந்து தொப்பி போயிற்று. எண்ணெய் காணாத பரட்டைத் தலையும், தலைப்பாகையும், தோள் துண்டும் திரைக்கு வந்தன. நாம், அதாவது சிற்றிதழ் மரபில் வளர்ந்தவர்கள், இதைத்தான் யதார்த்தத்தின் வருகை என்று வரவேற்றோம். வரவேற்றது சரியே. ஆனால் அந்தத் துண்டைத் தோளில் போட ஊரில் யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்பதை அந்த வரவேற்பில் நாம் அதிகம் பேசவில்லை. மண்வாசனை கொண்ட துண்டுக்குச் சாதி உண்டு. திருவிழாக் கடைத் தொப்பிக்கு அது இல்லை. யதார்த்தமான உடை எல்லோருக்கும் விடுதலை தருவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், யதார்த்தமே இல்லாத ஓர் உடையை விரும்பியவர்களுக்கும் காரணம் இருந்திருக்கலாம்.

கதாநாயகனின் தலையைவிட்டு இறங்கிய தொப்பி கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. 'மூடுபனி' (1980) இளையராஜாவின் நூறாவது படம்; அதை இயக்கிய பாலு மகேந்திராவைத் தொப்பி இல்லாமல் நினைத்துப் பார்க்க யாராலும் இயலாது. மட்டக்களப்பிலிருந்து வந்த அவருடைய தொப்பியைப் பார்த்து, இயக்குநர் என்றால் தொப்பி என்று முடிவுசெய்து சென்னைக்குப் பேருந்து ஏறியவர்கள் எத்தனையோ பேர். அவர்களையும் நாம் கிண்டல் செய்திருக்கிறோம். 'தலைமுறைகள்' (2013) படத்தில் அவரே கிராமத்துத் தாத்தாவாக, தொப்பி இல்லாமல், நரைத்த தலையோடு தோன்றியபோது நமக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, அந்தத் தொப்பியை நாமும் எவ்வளவு நம்பியிருந்தோம் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

உண்மையான ஃபெடோரா தமிழகத்துக் கிராமங்களுக்கு வந்தது போகார்ட் வழியாக அன்று, மைக்கேல் ஜாக்சன் வழியாக. அவரிடமிருந்து பிரபுதேவா வழியாக, பிரபுதேவாவிடமிருந்து ஆடல் பாடல் குழுக்கள் வழியாக. ஷங்கரின் 'காதலன்' (1994) படத்தில் வரும் ஒரு நடனத்தை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. முடிவில் ஆடுகிறவனின் முகம், கை, கால் எல்லாம் மறைந்து தொப்பியும் உடுப்பும் காலணியும் மட்டும் ஆடும். அந்தப் படத்தின் ஒளித்தந்திரங்களுக்குத் தேசிய விருது கிடைத்தது. தந்திரத்தை விடுங்கள். ஆளில்லாத தொப்பி ஒன்று மேடையில் நின்று, 'உள்ளே வர யாருக்கு விருப்பம்?' என்று கேட்பது போலிருந்தது அந்தக் காட்சி. பதில் சொன்னவர்கள் பலர். தென்மாவட்டங்களில் கோவில் திருவிழா இரவுகளில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் எம்.ஜி.ஆர். தொப்பியும் ஜாக்சன் தொப்பியும் அடுத்தடுத்து மேடையேறும். அந்நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனுப்போடுகிறார்கள். பரிவட்டத்துக்காக நீதிமன்றம் போன அதே ஊர்கள், தொப்பி ஆடும் மேடைக்காகவும் நீதிமன்றம் போகின்றன. முன்னதில் ஒரு தலைதான் வெல்லும். பின்னதில் குழுவின் டிரங்குப் பெட்டியிலிருக்கும் ஒரே தொப்பியை மாறி மாறி நான்கு பேர் போட்டுக்கொண்டு ஆடலாம்.

போலச்செய்தல் என்று முகம் சுளிக்கும் நம்மிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் சிறுவன் ஒருவன் வெள்ளைத் துணியால் முண்டாசு கட்டி, மையால் மீசை தீட்டி வந்து நின்றால் நம் கண்கள் ஏன் பனிக்கின்றன? அந்த முண்டாசுக்குரியவரின் புகைப்படங்கள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. பெரும்பாலான தமிழருக்குப் பாரதி என்று மனத்தில் பதிந்திருக்கும் உருவம் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் எஸ்.வி.சுப்பையா அணிந்த முண்டாசிலிருந்தும், இளையராஜா இசையமைத்த 'பாரதி' (2000) படத்தில் சாயாஜி ஷிண்டே அணிந்த முண்டாசிலிருந்தும் வந்தது. சினிமாவைப் பார்த்துத் தலையில் கட்டிக்கொள்வது அங்கே பண்பாடு, இங்கே மோகமா? பாரதியே தம் குலத்தார் வழக்கத்தை மீறித்தான் தலைப்பாகை கட்டினார். தனக்கு விதிக்கப்படாத ஒன்றைத் தலையில் அணிவது எப்படிப்பட்ட செயல் என்பதை அவர் அறிவார்.

பகத்சிங்கின் தொப்பியும் இதே வகை. 1928 டிசம்பரில் லாகூரிலிருந்து தப்பிச் செல்ல அவர் முடியைக் கத்தரித்து ஃபெல்ட் தொப்பி அணிந்தார். 1929 ஏப்ரலில், சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாட்கள் முன்பு, தில்லி காஷ்மீரி கேட் பகுதியிலுள்ள ஒரு புகைப்பட நிலையத்தில் அதே பாணித் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டார். துரைமார் அணிவதை எடுத்துத் துரைமாரிடமிருந்து தப்பப் பயன்படுத்தியவர் அவர். 1931இல் அவர் தூக்கிலிடப்பட்டதும் 'குடி அரசு' தலையங்கம் எழுதிய தமிழ்நாட்டில், ஆட்டோக்களின் முதுகிலும் மன்றங்களின் சுவரிலும் இன்றும் அந்தத் தொப்பி இருக்கிறது. 1965இல் மனோஜ் குமார் நடித்த 'ஷஹீத்' தொடங்கி 2002இல் வந்த இந்திப் படங்கள் வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. அது பிரித்தானியத் தொப்பி, ஆகவே சுயம் இழந்த செயல் என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு தொப்பியின் பொருளை அதைச் செய்த கை தீர்மானிப்பதில்லை, அணிந்த தலை தீர்மானிக்கிறது என்பதை பகத்சிங் விஷயத்தில் நாம் ஒப்புக்கொள்கிறோம். பண்ணைப்புரத்து இளைஞன் விஷயத்தில் மட்டும் மறுக்கிறோம்.

எதிர்த்தரப்பில் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. திரைத்தொப்பி சுதந்திரத்தைக் கொடுத்தது என்றால், அதே தொப்பி தலைகளை ஒரு தலைவனின் காலடிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததே என்பதுதான் அது. மறுப்பதற்கில்லை. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலின்போது பிளவுபட்ட அ.தி.மு.க.வின் ஓர் அணிக்குத் தொப்பியே சின்னமாக ஒதுக்கப்பட்டது. வேட்பாளரும் ஆதரவாளர்களும் தொப்பி அணிந்து தெருத்தெருவாக வாக்குக் கேட்டார்கள். பணப்பட்டுவாடாப் புகார்களால் அந்தத் தேர்தலே ரத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த வேட்பாளருக்குச் சின்னம் குக்கர் என்று ஆனபோது தொப்பிகள் தலையைவிட்டு இறங்கின. 'குல்லாப் போடுதல்' என்ற சொல்லைக் கண்டுபிடித்த முன்னோர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பார்கள் போலும்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டு நமக்குக் காட்டுவது வேறொன்று. மேலிருந்து வழங்கப்பட்ட தொப்பி ஒரு தேர்தலோடு முடிந்தது. தானே காசு கொடுத்து வாங்கிய தொப்பி ஐம்பது ஆண்டுகளாகத் திருவிழாக் கடைகளில் தொங்குகிறது. பரிவட்டம் கட்டப்படுவது, தொப்பி மாட்டிக்கொள்வது. இலக்கண நூல் அறிந்தவர்களுக்குச் செயப்பாட்டு வினைக்கும் செய்வினைக்குமான வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கட்சி அதை மறுபடியும் பரிவட்டமாக மாற்ற முயலும்போதெல்லாம் அது தோற்றுப்போவது நல்ல அறிகுறி.

சேகரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984இல் வெளியான இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படத்துக்காகச் செய்யப்பட்ட ஃபெடோரா ஒன்று, 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தில் 6,30,000 டாலருக்குப் போயிற்று. நம் கணக்கில் 5 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் படத்தின் கதை இந்தியாவில் நடக்கிறது. இந்திய அரசு திரைக்கதையை ஏற்காததால் கண்டிப் பக்கத்தில் படமாக்கினார்கள். கையாலாகாத ஒரு கறுப்புக் கிராமத்தின் பிள்ளைகளைத் தொப்பி அணிந்த வெள்ளைக்காரன் ஒருவன் வந்து மீட்டுக்கொடுக்கும் கதை. துரையின் தொப்பியைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இத்தனை விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தொப்பியை இனி எந்தத் தலையும் அணியப்போவதில்லை. பண்ணைப்புரத்தில் இதே வடிவத்துத் தொப்பியை அணிகிறவன், அந்தப் படத்தில் மீட்கப்படக் காத்திருந்த கிராமத்தின் பிள்ளை. அவன் யாரும் மீட்க வருவதற்குக் காத்திருக்காமல் தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டான். இரண்டில் எந்தத் தொப்பிக்கு வரலாற்று மதிப்பு அதிகம் என்று கேட்டால், நாம் இரண்டாவதையே சொல்வோம்.

நம் அருங்காட்சியகங்களில் மகுடங்களும் தலைப்பாகைகளும் இருக்கின்றன. ஆடல் பாடல் குழு ஒன்றின் வியர்வைக் கறை படிந்த கறுப்பு ஃபெடோராவையும், ஏலத்தோட்டத்துக் கொங்காணி ஒன்றையும், துரையின் சோலாத் தொப்பியையும் அருகருகே வைத்துக் காட்டும் ஓர் அறை எங்கேனும் அமையுமானால், கம்பம் பள்ளத்தாக்கின் நூறாண்டுச் சமூக வரலாற்றை அங்கே ஒரு சொல்லும் இல்லாமல் படித்துவிடலாம். அமையும்வரை நாம் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. தொப்பி அணிந்து வருகிறவனைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு எழும்போது, அவனுடைய பாட்டனின் தலையில் என்ன இருந்தது, எந்தத் தெருவில் அது இறங்கியது என்று ஒரு கணம் யோசிக்கலாம். அதன் பிறகும் சிரிப்பு வருமானால் சிரித்துக்கொள்ளலாம்.